மாத்திரை போட்டால் கவிதை நின்றுவிடுமா?

பொயிண்ட் குக் கடலோரப் பூங்காவில் ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. ஏறி நின்றால் தொலைவில் மெல்பர்ன் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும். பக்கத்தில் சீத்தம் சதுப்புநிலம் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும். தூத்துக்குடிக்காரர் யாரையாவது கூட்டிவந்து காட்டினால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், இது உப்பளம் என்று. ஒரு காலத்தில் அதுதான். இப்போது இங்கே உப்பு எடுப்பதில்லை. வரப்புகளும் பாத்திகளும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வடகோளத்தில் குளிர் தொடங்கும்போது சைபீரியாவிலிருந்து உள்ளான் வகைப் பறவைகள் வந்து இந்தப் பாத்திகளில் இரை தேடும். மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகும்.

ஒரு மார்ச் மாதச் சாயங்காலம் அந்தக் கோபுரத்தில் என்னோடு நின்றுகொண்டிருந்த தம்பி ஒருவர், பறவைகளைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டு வருஷமா லித்தியம் மாத்திரை சாப்பிடறேன் அண்ணா. போன மாசம் நிறுத்திட்டேன். அதைப் போட்டா மனசு சமமா இருக்கு. ஆனா ஒரு வரி எழுத வரலை."

அவர் கவிதை எழுதுபவர். இருமுனைக் கோளாறு உள்ளவர். சில வாரங்கள் தூக்கமே வேண்டாமல் எண்ணங்கள் பாய்ந்து வரும். பிறகு பல வாரங்கள் படுக்கையைவிட்டு எழ முடியாத சோர்வு. அன்று நான் அவரிடம் ஒன்றுதான் சொன்னேன்: "மருத்துவரைக் கேக்காம நிறுத்தினது ஆபத்து. நாளைக்கே போய்ப் பாப்போம், நானும் வரேன்." போனோம். ஆனால் அவர் கேட்காமல் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் முழுமையான பதில் இல்லை. நோய்தான் கவிதையைத் தருகிறதா? நோய் போனால் கவிதையும் போய்விடுமா? நான் மருத்துவன் அல்லன். அறிவியலைப் படித்துச் சொல்பவன். அவருக்காகத் தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறேன்.

பித்தம் தலைக்கேறிய கதை

கலைஞன் என்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தான் செய்யும் என்று நம் ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அதில் ஒரு செல்லமும் இருக்கிறது. பித்து என்ற சொல்லே நமக்கு இரட்டை முகம் கொண்டது. நோயும் பித்து, பக்தியும் பித்து, காதலும் பித்து. சுந்தரர் இறைவனையே பித்தன் என்று விளித்தார்.

கிரேக்கர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நம் சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்றால், அவர்கள் மருத்துவத்தில் நான்கு நீர்மங்கள். அவற்றில் ஒன்று கரும்பித்தம். மெலங்கோலியா என்ற சொல்லுக்கே பொருள் கரும்பித்தம்தான். தத்துவத்திலும் கவிதையிலும் கலையிலும் சிறந்தவர்கள் ஏன் கரும்பித்தம் மிகுந்தவர்களாக இருக்கிறார்கள் என்ற கேள்வி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் நூல் ஒன்றில் உண்டு. அதாவது, பித்தம் தலைக்கேறியவனுக்கே கலை கைகூடும் என்ற எண்ணத்துக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் வயது.

இந்த எண்ணத்தை எண்ணிக்கையால் சோதிக்கும் வேலை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேகம்பிடித்தது. அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசென், அயோவா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற எழுத்துப் பட்டறைக்கு வந்த 30 எழுத்தாளர்களை நேர்கண்டு 1987இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் 80 சதவீதம் பேருக்கு வாழ்வில் எப்போதாவது மனநிலைக் கோளாறு வந்திருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றவர்களில் 30 சதவீதம். 1989இல் உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் 47 பிரித்தானிய எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் ஆராய்ந்தார். 38 சதவீதம் பேர் மனநிலைக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்றவர்கள். ஜேமிசனுக்கே இருமுனைக் கோளாறு உண்டு என்பதை அவர் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார்.

எண்கள் மிரட்டுகின்றன. ஆனால் 30 பேர், 47 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். எழுத்தாளர் யார், மற்றவர் யார் என்று நேர்கண்டவருக்கே முன்கூட்டித் தெரியும். தேடிப்போனவர் தேடியதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு இதில் அதிகம்.

பத்து லட்சம் பேரைக் கேட்டால்

இந்தக் குறையைத் தீர்க்க சுவீடனால் முடிந்தது. அங்கே ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவும் தொழில் பதிவும் நாடு தழுவிய ஏடுகளில் உண்டு. கரோலின்ஸ்கா நிறுவனத்தின் சைமன் கியாகாவும் குழுவினரும் 2011இல் ஏறக்குறைய 3 லட்சம் நோயாளிகளின் பதிவுகளையும், 2013இல் ஏறக்குறைய 12 லட்சம் நோயாளிகளின் பதிவுகளையும், அவர்களின் உறவினர் பதிவுகளையும் மற்ற மக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

மொத்தமாகப் பார்த்தால், கலை, அறிவியல் போன்ற படைப்புத் தொழில்களில் இருப்பவர்களுக்கு மனநோய் மற்றவர்களைவிட அதிகமில்லை. விதிவிலக்கு ஒன்று, இருமுனைக் கோளாறு. இன்னொரு விதிவிலக்கு எழுத்தாளர்கள். அவர்களிடம் பல வகை மனநோய்களும் தற்கொலையும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. நோய் எழுத்தைத் தந்ததா, தனிமையும் நிலையற்ற வருமானமும் உறக்கம் கெட்ட இரவுகளும் நோயை வளர்த்தனவா என்பதைப் பதிவேடு சொல்லாது.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது மூன்றாவது முடிவு. மனச்சிதைவு நோயாளிகளுக்கு நோயில்லாத அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் இருப்பார்கள் அல்லவா? படைப்புத் தொழில்களில் அவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தார்கள். நோய் முற்றிய இடத்தில் அல்ல, அதன் சாயல் மெல்லப் படிந்து நோயாகாமல் நின்ற இடத்தில் படைப்பு கூடுதலாகத் தெரிந்தது. 2015இல் ஐஸ்லாந்தில் 86,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்தவர்களும், மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் காரணமாகும் மரபணுக்கூறுகள் கலைஞர்களிடம் சற்றே கூடுதல் என்று கண்டார்கள். ஆனால் படைப்பாற்றலில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் அந்தக் கூறுகளால் விளக்க முடிந்தது 1 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் வேறு எங்கிருந்தோ வருகிறது: படிப்பிலிருந்து, பழக்கத்திலிருந்து, வளர்ந்த வீட்டிலிருந்து, உழைப்பிலிருந்து.

மடையும் கரையும்

சாயலுக்கும் நோய்க்கும் என்ன வேறுபாடு? மூளை தன்னிடம் வந்து சேரும் எல்லாவற்றையும் நம் கவனத்துக்கு அனுப்புவதில்லை. நெடுஞ்சாலை ஓரம் வீடு வாங்கியவருக்கு முதல் வாரம் வண்டிச் சத்தத்தில் தூக்கம் வராது. மூன்றாம் மாதம் அந்தச் சத்தமே காதில் விழாது. பயனில்லை என்று ஒருமுறை முடிவுகட்டியதை மூளை ஒதுக்கிவிடுகிறது. இந்த வடிகட்டல் சிலரிடம் தளர்வாக இருக்கிறது. மனச்சிதைவின் தீவிர நிலையில் அப்படி இருப்பது முன்பே தெரியும். ஹார்வர்டு மாணவர்களிடம் ஷெல்லி கார்சனும் குழுவினரும் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், படைப்பில் சாதித்த மாணவர்களிடமும் இதே தளர்வு தென்பட்டது. அவர்களிடம் கூடவே கூர்மையான அறிவாற்றலும் இருந்தது.

வயலுக்கு நீர் பாய்ச்சுபவர்களுக்கு இது எளிதில் புரியும். மடையை அகலத் திறந்தால் நீர் நிறைய வரும். வரப்பு உறுதியாக இருந்தால் அது விளைச்சல். வரப்பு உடைந்தால் அதே நீர் பயிரை அடித்துக்கொண்டு போகும். தளர்ந்த வடிகட்டல் என்பது திறந்த மடை. வந்ததைத் தாங்கி, பிரித்து, வரிசைப்படுத்தும் ஆற்றல் வரப்பு. ரோஜர் பீட்டியும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட மூளைப் படப் பதிவு ஆய்வும் இதையொட்டியே இருக்கிறது. மனம் தன்போக்கில் அலையும்போது இயங்கும் மூளை வலையமைப்பும், மனத்தைக் கட்டி நிறுத்தும் வலையமைப்பும் பொதுவாக ஒன்று ஏற ஒன்று இறங்கும். படைப்பாற்றல் மிக்கவர்களிடம் அவை இரண்டும் நெருங்கிப் பேசிக்கொள்கின்றன. அலைவதும் கட்டுவதும் சேர்ந்துதான் படைப்பு.

நோயின் உச்சத்தில் கட்டுவது போய்விடுகிறது. இசைமேதை ராபர்ட் ஷூமனின் வாழ்க்கை இதற்கு நல்ல சோதனைக்களம். அவர் உற்சாகம் மேலிட்ட ஆண்டுகளில் குவித்து எழுதினார். சோர்ந்த ஆண்டுகளில் மிகக் குறைவாக எழுதினார். உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் 1994இல் ஒரு கேள்வி கேட்டார்: அதிகம் எழுதினார் சரி, சிறப்பாக எழுதினாரா? எந்தப் படைப்பை எத்தனை முறை இசைத்தட்டாகப் பதிந்திருக்கிறார்கள் என்பதை அளவுகோலாக வைத்துப் பார்த்தார். உற்சாக ஆண்டுகளில் எண்ணிக்கை கூடியது, தரம் கூடவில்லை. வான் கோவும் அப்படித்தான். செயின்ட் ரெமி மனநோய் விடுதியில் இருந்த ஓராண்டில் ஏறக்குறைய 150 ஓவியங்கள் தீட்டினார். அவற்றில் பெரும்பாலானவை நோய் தாக்கிய நாள்களில் தீட்டியவை அல்ல. தாக்குதல்களுக்கு இடையே மனம் தெளிந்திருந்த நாள்களில் தீட்டியவை.

பண்டூராவில் கிடைத்த உப்பு

தம்பி நிறுத்திய லித்தியம் பிறந்த கதை எங்கள் ஊர்க் கதை. பொயிண்ட் குக் மெல்பர்னின் தென்மேற்கு ஓரம். பண்டூரா வடகிழக்கு ஓரம். அங்கே போர்வீரர்களுக்கான மனநல மருத்துவமனை ஒன்றில் ஜான் கேட் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் கழித்தவர். அங்கே சக கைதிகளின் மனம் குலைவதை அருகிலிருந்து பார்த்தவர். மனநோய்க்கு உடலில் வேர் இருக்கிறது என்ற எண்ணத்தோடு வெளியே வந்தார்.

பயன்படாமல் கிடந்த ஒரு சமையற்கட்டு அறைதான் அவருடைய ஆய்வகம். தூக்கமே வேண்டாமல் எண்ணங்கள் பாயும் பித்து நிலையில் இருந்த நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கலாம் என்று ஊகித்து, அதைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தின் பங்கைப் பார்க்க, அதை நீரில் கரைக்க வேண்டி அதன் லித்திய உப்பைப் பயன்படுத்தினார். துள்ளித் திரிந்த விலங்குகள் அமைதியாகிப் படுத்துக்கொண்டன. அது லித்தியத்தின் நச்சால் வந்த மயக்கமாக இருக்கலாம் என்பது பின்னாளைய கணிப்பு. ஊகம் தவறு, கிடைத்த பொருள் சரி. தாமே விழுங்கிப் பார்த்துவிட்டு, 1948 மார்ச் 29 அன்று முதல் நோயாளிக்குக் கொடுத்தார். 51 வயது மனிதர். ஐந்து ஆண்டுகளாகத் தீராத பித்து நிலை. சில மாதங்களில் தேறி, வீடு திரும்பி, பழைய வேலைக்கே போனார். 1949 செப்டம்பர் 3 தேதியிட்ட ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கேட் இதை வெளியிட்டார்.

அந்த முதல் நோயாளியின் கதை அதோடு முடியவில்லை. உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்தினார். நோய் திரும்பியது, மீண்டும் மருத்துவமனை. 1950இல் லித்தியம் அளவு மிஞ்சி நஞ்சாகி இறந்தார். லித்தியத்தில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் முறையை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டிரவுட்னரும் உடன் உழைத்தவர்களும் உருவாக்கிய பிறகே அது பாதுகாப்பான மருந்தானது. டென்மார்க்கில் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஷோ அதை முறையான சோதனைக்கு உட்படுத்தினார். அமெரிக்கா 1970இல் அனுமதித்தது.

கவிதை பற்றிய கேள்விக்கு நேரடியாக விடை தேடியவரும் இந்த ஷோதான். லித்தியம் எடுத்துவந்த 24 எழுத்தாளர்கள், கலைஞர்களிடம் அவர்களின் படைப்பு என்ன ஆனது என்று கேட்டு 1979இல் வெளியிட்டார். 12 பேர் கூடியது என்றார்கள். 6 பேர் மாற்றமில்லை என்றார்கள். 6 பேர் குறைந்தது என்றார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான்கில் மூன்று பேர் எதையும் இழக்கவில்லை, பாதிப்பேர் பெற்றார்கள். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவல் 1967இல் லித்தியம் தொடங்கினார். அதற்கு முன் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை மருத்துவமனை. இத்தனை துன்பமும் மூளையில் கொஞ்சம் உப்புக் குறைந்ததாலா என்று தம் பதிப்பாளரிடம் வேதனைப்பட்டிருக்கிறார். நோய் அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை. ஆனால் லித்தியத்துக்குப் பிறகு எழுதிய தொகுப்பு ஒன்றுக்கு 1974இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

குறைந்தது என்று சொன்ன அந்த 6 பேரையும் நாம் நம்ப வேண்டும். லித்தியம் எடுக்கும் சிலருக்கு எண்ணம் மந்தமாவதுண்டு. கை லேசாக நடுங்கும். வீணை வாசிப்பவருக்கும் தூரிகை பிடிப்பவருக்கும் அது சிறிய தொல்லையல்ல. இதை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், வேறு மருந்து பார்க்கலாம். தாமாக நிறுத்துவது மட்டும்தான் வழியல்லாத வழி. மனநிலைக் கோளாறு உள்ளவர்களிடம் தற்கொலையைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டும் மருந்து இது.

நம்மவர்கள் கவனிக்க இன்னொன்று. லித்தியமும் ஓர் உப்பு. உடலில் சோற்றுப்பு குறைந்தாலும் நீர் வற்றினாலும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு ஏறும். தண்ணீரும் குடிக்காத விரதம், திடீரென்று உப்பைக் குறைக்கும் பத்தியம், வாந்தி பேதி, மெல்பர்னின் 40 டிகிரி வெயில், சில இரத்த அழுத்த மாத்திரைகள், சில வலி மாத்திரைகள் எல்லாமே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.

காதுகளுக்குள் கேட்ட குரல்கள்

தமிழில் இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையால் பதில் எழுதியவர் எம்.வி. வெங்கட்ராம். கும்பகோணத்துக்காரர், சரிகை வியாபாரம் செய்தவர், பதின்பருவத்திலேயே மணிக்கொடி இதழில் எழுதத் தொடங்கியவர். அவருடைய ‘காதுகள்’ நாவலின் நாயகன் மகாலிங்கத்துக்குக் காதுக்குள் குரல்கள் கேட்கின்றன. ஏசுகின்றன, கேலிசெய்கின்றன, ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன. அவன் முருகனைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். இது ஆசிரியர் தாமே நெடுங்காலம் அனுபவித்த வேதனை. அதற்கு மருத்துவப் பெயர் சூட்டுவது என் வேலையல்ல. நாவல் 1992இல், அவருடைய 72ஆம் வயதில் வெளிவந்தது. மறு ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்றது.

குரல்கள் அவருக்குக் கேட்டன; ஆனால் குரல்கள் நாவல் எழுதவில்லை. அவற்றிலிருந்து ஓர் அடி விலகி நின்று, எது யார் பேச்சு என்று பிரித்து, கோத்து, வாசகருக்குப் புரியவைத்தது பல்லாண்டு எழுதிப் பழகிய கை. கோபிகிருஷ்ணனும் அப்படியே. மனநோயின் துயரை உள்ளிருந்து அறிந்தவர், மனநலத் துறையில் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ என்ற அவருடைய நூலில் நோயாளிகளின் பேச்சை அவர் எவ்வளவு பரிவோடும் துல்லியத்தோடும் கேட்டிருக்கிறார் என்பதைப் பார்க்கலாம்.

ஆத்மாநாமை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ‘ழ’ இதழை நடத்திய கவிஞர். மனநோயோடு போராடி 1984இல் 33 வயதில் மறைந்தார். அவருடைய நோயைக் கவிதையின் ஊற்று என்று கொண்டாடுகிற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அந்த நோய் நம்மிடமிருந்து அவருடைய 40ஆம் வயதுக் கவிதைகளைப் பறித்தது, 60ஆம் வயதுக் கவிதைகளையும் பறித்தது.

படைப்பு மருந்தாகுமா?

ஓரளவு ஆகும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் கல்லூரி மாணவர்களை நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடங்கள், மனத்தை வருத்திய நிகழ்வை எழுதச் சொன்னார். நிகழ்வையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரைத் தேடிப்போவது குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் இந்தப் பலன் சிறிது என்றும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை என்றும் காட்டின. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ நாடகம் போர் மனங்களில் இட்ட காயங்களை மேடைக்குக் கொண்டுவந்தது. வெளியே பேச முடியாதிருந்ததை ஊர் கூடி உட்கார்ந்து பார்த்தது.

மெல்பர்னிலேயே பார்க்கத்தக்க இடம் ஒன்று உண்டு. எரிக் கன்னிங்ஹாம் டாக்ஸ் என்ற மனநல மருத்துவர் இங்கிலாந்திலிருந்து 1950களின் தொடக்கத்தில் விக்டோரியாவின் மனநலத் துறைக்குத் தலைமையேற்க வந்தார். நோயாளிகளின் கையில் தூரிகை கொடுக்க வேண்டும் என்று நம்பியவர். அவர் சேர்க்கத் தொடங்கிய தொகுப்பு இன்று 15,000க்கும் மேற்பட்ட ஓவியங்களும் படைப்புகளுமாக வளர்ந்து அவர் பெயரால் பார்க்வில்லில் இருக்கிறது. தூரிகையைக் கொடுத்த அதே மனிதர்தான் விக்டோரியாவில் பாழடைந்து கிடந்த மனநோய் விடுதிகளையும் சீர்திருத்தினார். கலையும் சிகிச்சையும் அவருக்கு ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

பொயிண்ட் குக்கில் நம் வீடுகளில் பிள்ளைக்கு வயலின் வகுப்பு உண்டு, பரதம் உண்டு. அந்தப் பிள்ளை மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்றால் மட்டும் வெளியே சொல்லமாட்டோம். சொல்லலாம். இங்கே குடும்ப மருத்துவரிடம் மனநலத் திட்டம் எழுதி வாங்கினால் உளவியலாளரை ஆண்டுக்குப் பத்து முறை வரை மெடிகேர் சலுகையோடு பார்க்கலாம். தமிழில்தான் பேச வருமென்றால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். உயிரே பாரம் என்று தோன்றும் இரவில் லைஃப்லைன் 13 11 14. இந்தியாவில் டெலி மானஸ் 14416.

அந்தத் தம்பி இப்போது குறைந்த அளவில் மீண்டும் மாத்திரை எடுக்கிறார். மூன்று மாதங்களுக்குப் பிறகு ஒரு தாளை நீட்டினார். எட்டு வரிகள். "முன்னாடி ஒரே ராத்திரியில அறுபது வரி எழுதுவேன் அண்ணா. காலையில பாத்தா ஒண்ணும் தேறாது. இந்த எட்டு வரிக்கு மூணு வாரம் ஆச்சு" என்றார்.

மறுநாள் தனியாகக் கோபுரத்துக்குப் போனேன். சைபீரியப் பறவைகள் போய்விட்டிருந்தன. வரப்புகளுக்குள் தண்ணீர் அசையாமல் நின்றது. அந்த வரப்பு உப்புக்காகப் போட்டது. அது நீரைத் தேக்கி வைத்திருப்பதால்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வரும் பறவைக்கு இங்கே இரை இருக்கிறது. அடுத்த செப்டம்பரில் அவை வரும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.